ஷூவை கழற்றினால் 'கப்' அடிக்கிறதா? குற்றவாளி கால் மட்டும் அல்ல!

கடம்பூர்:

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீட்டு வாசலில் ஷூவை கழற்றினால் போதும், "ஏல, மொதல்ல காலை கழுவிட்டு உள்ள வால" என்று உள்ளே இருந்து சத்தம் வருகிறது. பஸ்சில் ஷூவை லேசாக தளர்த்தினால் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தை திருப்பிக் கொள்கிறார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு போனால் செருப்பை கழற்றவே கூச்சம்.

இந்த தொல்லை உள்ளவர்களில் பலர், "நம்ம காலுக்கு என்னவோ வியாதி" என்று நினைத்து பவுடரும் சென்ட்டுமாக வாங்கி காசை கரியாக்குகிறார்கள். ஆனால் குற்றம் காலில் பாதி என்றால், காலில் மாட்டியிருக்கும் பொருளில் மீதி பாதி. செருப்பும் ஷூவும் எதனால் செய்யப்பட்டவை, அவை காய்வதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்ற 2 விஷயங்கள்தான் வாடையை கூட்டுகின்றன, குறைக்கின்றன.

வெறுங்காலில் இருந்து ஷூவுக்கு

கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரம் கரிசல் பூமி. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் வெயில்தான். பருத்தி, கம்பு, உளுந்து விளையும் காட்டுக்கு ஒரு காலத்தில் வெறுங்காலோடு போனவர்கள் அதிகம். டயர் செருப்பு, வார் செருப்பு போட்டவர்களும் உண்டு. அதில் காற்று தாராளமாக போகும். வாடை என்ற பேச்சு அதிகம் எழவில்லை.

இன்று நிலைமை வேறு. காற்றாலையில் வேலை பார்ப்பவருக்கு சேப்டி ஷூ. வாட்ச்மேன் வேலைக்கு கருப்பு பூட்ஸ். பள்ளிக்கூட பிள்ளைகளுக்கு ஷூவும் சாக்சும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ரப்பர் பூட்ஸ். 8 மணி நேரம், சிலருக்கு 12 மணி நேரம் கால் மூடியே கிடக்கிறது. வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேர்வைக்கு வாடை இல்லை!

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பாதத்தில் வரும் வேர்வை கிட்டத்தட்ட தண்ணீரும் உப்பும்தான். வரும்போது அதில் வாடை கிடையாது.

இரண்டு பாதங்களிலும் சேர்த்து சுமார் 2½ லட்சம் வேர்வை சுரப்பிகள் இருப்பதாக கணக்கு. உடம்பில் வேர்வை சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் பாதமும் ஒன்று. முதுகில் வேர்த்தால் காற்று பட்டு காய்ந்துவிடும். ஷூவுக்குள் வேர்த்தால் அது போக வழி இல்லை. பாதத்தின் தடித்த தோல் அந்த ஈரத்தில் ஊறி வெளுத்து மெதுவாகிறது.

அங்கேதான் பாக்டீரியா வேலையை ஆரம்பிக்கிறது. எல்லோருடைய தோலிலும் பாக்டீரியா கிருமிகள் உண்டு. ஈரமும் சூடும் கிடைத்தால் அவை பல மடங்கு பெருகும். வேர்வையில் உள்ள 'லூசின்' என்ற சத்தை அவை தின்று, 'ஐசோவலேரிக்' என்ற அமிலத்தை வெளியேற்றுகின்றன. புளித்துப்போன பால்கட்டி மாதிரி மூக்கில் ஏறும் வாடை இதனுடையதுதான். ஊறிப்போன செத்த தோலும் கிருமிகளுக்கு இரை ஆகிறது.

இதை 1990-ம் ஆண்டு ஜப்பான் நாட்டின் ஷிசெய்டோ என்ற அழகு சாதன கம்பெனியின் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வெளியிட்டனர். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு 'இக் நோபல்' என்ற பரிசு தருகிறார்கள். 1992-ல் அந்த பரிசு இந்த குழுவுக்கு கிடைத்தது. 2006-ல் வேறொரு ஜப்பான் குழு, தோலில் சாதாரணமாக வாழும் 'ஸ்டெபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்' என்ற பாக்டீரியாதான் இந்த அமிலத்தை உண்டாக்குகிறது என்று விளக்கியது.

அதாவது, வாடை வருகிறவர் அழுக்கானவர் என்று அர்த்தம் இல்லை. காலையில் சோப்பு போட்டு குளித்துவிட்டு கிளம்பியவர் காலிலும் சாயங்காலம் வாடை வரும்.

போளி பொட்டலம் சொல்லும் பாடம்

கடம்பூர் என்றால் போளி. சூடாக வாங்கிய போளியை உடனே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி கட்டினால் என்ன ஆகும்? உள்ளே வேர்த்து, நசநசத்து, சீக்கிரம் கெட்டுவிடும். இலையிலோ காகிதத்திலோ மடித்தால் ஆவி வெளியே போய்விடும், போளி பக்குவமாக இருக்கும்.

காலுக்கும் இதே கதைதான். எந்த பொருளில் காலை பொதிகிறோம் என்பதை பொறுத்து வாடை கூடும், குறையும்.

தோல்: ஆடு, மாட்டு தோல் நெருக்கமாக பின்னிய நார்களால் ஆனது. அந்த நார்களுக்கு இடையே கண்ணுக்கு தெரியாத இடைவெளிகள் உண்டு. வேர்வையை தோல் உறிஞ்சி வைத்துக் கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதனால் கால் ஓரளவு காய்ந்து இருக்கும். ஆனால் உறிஞ்சிய ஈரம் முழுவதும் காய நேரம் வேண்டும். காயாமல் மறுநாளும் போட்டால் தோல் ஷூவும் நாறும், பூஞ்சை பிடிக்கும். மேலே பளபளப்புக்காக கெட்டியாக பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த தோல் என்றால் இந்த நன்மையும் குறைந்துவிடும்.

ரெக்சின்: துணியின் மீது பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை பூசி, பார்வைக்கு தோல் மாதிரியே செய்வது. விலை குறைவு, துடைத்தால் போதும், பளிச்சென்று இருக்கும். ஆனால் பெரும்பாலான ரெக்சினில் வேர்வை வெளியே போகாது. மலிவான கருப்பு ஷூக்கள் பல இந்த ரகம்தான். 'கப்' அடிப்பதில் முதல் இடம் இதற்குத்தான்.

கேன்வாஸ்: துணி என்பதால் காற்று போகும். தண்ணீரில் துவைத்து காய வைக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அடிப்பாகம் ரப்பர். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் அட்டை வேர்வையை குடித்து வைத்துக் கொள்ளும். துவைக்காமல் மாதக்கணக்கில் போட்டால் கேன்வாசும் விட்டு வைக்காது.

ரப்பர் பூட்ஸ்: வெளியே உள்ள தண்ணீர் உள்ளே வராது. அதேபோல் உள்ளே உள்ள வேர்வையும் வெளியே போகாது. உப்பளம், சாக்கடை வேலை, மீன் ஏலக்கூடம் போன்ற இடங்களில் இது கட்டாயம் வேண்டும், தவிர்க்க முடியாது. அதனால் சாக்ஸ் மாற்றுவதில் இவர்கள்தான் அதிக கவனமாக இருக்க வேண்டும்.

ஹவாய் செருப்பு: ரப்பர்தான், ஆனால் திறந்து கிடக்கிறது. வேர்த்தாலும் காற்றில் காய்ந்துவிடும். காலில் வாடை குறைவு. ஆனால் செருப்பின் மேல் பக்கம் அழுக்கும் செத்த தோலும் கருப்பாக படிந்து, செருப்பே நாறும். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டு தேய்த்து கழுவினால் சரியாகிவிடும்.

ஏமாறாமல் வாங்குவது எப்படி?

"அசல் லெதர் சார்" என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பினால் போதாது. பல ஷூக்களில் மேலே தோல், உள்ளே ரெக்சின் லைனிங் இருக்கும். காலை தொடுவது லைனிங்தான். அது பிளாஸ்டிக்காக இருந்தால் மேலே உள்ள தோலால் பெரிய பிரயோஜனம் இல்லை.

இதற்கு ஒரு சுலப வழி உண்டு. ஐரோப்பாவில் 1994-ல் கொண்டு வந்த விதிப்படி, ஷூவின் அடியிலோ பெட்டியிலோ சின்ன படங்கள் போட்டிருப்பார்கள். இங்கே விற்கும் பல ஷூக்களிலும் அந்த படங்களை பார்க்கலாம்.

* விரித்து வைத்த மாட்டுத்தோல் மாதிரி படம் இருந்தால் அது தோல்.
* தோல் படத்துக்குள் வைரக்கட்டம் இருந்தால் பூச்சு கொடுத்த தோல்.
* பாய் முடைந்த மாதிரி வலை இருந்தால் துணி.
* வெறும் வைரக்கட்டம் இருந்தால் ரெக்சின், ரப்பர், பிளாஸ்டிக் போன்ற மற்ற பொருட்கள்.

மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் என்று 3 பாகத்துக்கும் தனித்தனியாக படம் இருக்கும். வாடைக்கு பயப்படுகிறவர்கள் முக்கியமாக பார்க்க வேண்டியது உள்பாகத்தின் படம்.

படம் இல்லாத ஷூ என்றால், வெட்டு ஓரத்தை உற்றுப் பார்க்கலாம். தோல் என்றால் நார் நாராக தெரியும். ரெக்சின் என்றால் அடியில் துணி தெரியும்.

சாக்ஸ் செய்யும் வேலை

சாக்ஸ் போட்டால் வாடை கூடும் என்று சிலர் வெறுங்காலில் ஷூ மாட்டுகிறார்கள். இது தப்பு. நல்ல சாக்ஸ் வேர்வையை குடித்துக்கொண்டு ஷூவை காப்பாற்றும். சாக்சை தினமும் துவைக்கலாம், ஷூவை துவைக்க முடியுமா?

கரிசல்காட்டுக்காரர்களுக்கு பருத்தியை பற்றி சொல்லித்தர வேண்டியது இல்லை. பருத்தி நூல் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். சாதாரண நைலான், பாலியஸ்டர் நூல்கள் அப்படி உறிஞ்சுவது இல்லை. 2014-ல் பெல்ஜியம் நாட்டில் 26 பேருக்கு பருத்தி, பாலியஸ்டர் பனியன்களை கொடுத்து உடற்பயிற்சி செய்ய வைத்து சோதித்தார்கள். மறுநாள் முகர்ந்து பார்த்ததில் பாலியஸ்டர் பனியன்தான் அதிகம் நாறியது. வாடை கிளப்பும் ஒரு வகை பாக்டீரியா அதில் செழிப்பாக வளர்ந்திருந்ததும் தெரிய வந்தது. சோதித்தது பனியனை என்றாலும் சாக்சுக்கும் இது ஒரு பாடம்தான்.

பருத்தியிலும் ஒரு குறை உண்டு. நனைந்தால் சீக்கிரம் காயாது. அதனால் அதிகம் வேர்ப்பவர்கள் பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ் வைத்திருந்து மதியம் சாப்பாட்டு நேரத்தில் மாற்றுவது நல்லது.

ஒரே ஜோடிதான் உண்மையான வில்லன்

என்னதான் நல்ல பொருளாக இருந்தாலும், தினமும் ஒரே ஷூவை மாட்டினால் வாடையை தடுக்க முடியாது. சாயங்காலம் கழற்றிய ஷூ, வாசல் மூலையில் கிடக்கிறது. விடிந்ததும் அதே ஷூ. உள்ளே நேற்றைய ஈரம் அப்படியே இருக்கும். கிருமிகளும் அப்படியே இருக்கும். காலை கழுவிவிட்டு அதற்குள் விட்டால், கழுவியதில் என்ன லாபம்?

ஒரு ஷூ நன்றாக காய ஒரு முழு நாளாவது ஓய்வு வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். அதற்கு 2 ஜோடி வேண்டும். இந்த இடத்தில்தான் வாடை பண விஷயமாக மாறுகிறது. வசதி உள்ளவர் வீட்டில் அலமாரி நிறைய ஷூ இருக்கிறது. தினக்கூலிக்கு போகிறவரிடமும், அவர் பிள்ளையிடமும் ஒரே ஜோடி. வகுப்பில் பக்கத்து பையன் கேலி செய்வது அந்த பிள்ளையின் காலை அல்ல, அந்த ஒரே ஜோடியை!

எனவே ஷூ வாங்கும்போது விலை கூடிய ஒரு ரெக்சின் ஜோடிக்கு பதிலாக, அதே காசில் சாதாரண கேன்வாஸ் 2 ஜோடி வாங்கி மாற்றி மாற்றி போடுவது கெட்டிக்காரத்தனம். அதற்கும் வழி இல்லாதவர்கள் உள்ளே போடும் அட்டையை மட்டும் 2 ஜோடியாக வைத்துக் கொள்ளலாம். கழற்றி மாட்டும் அட்டை இல்லாத ஷூ என்றால், செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் அளவு கொடுத்து வெட்டி வாங்கிக் கொள்ளலாம்.

வேலைக்கு சேப்டி ஷூ கட்டாயம் என்று சொல்லும் கம்பெனிகள் இரண்டாவது ஜோடியும் கொடுத்தால் தொழிலாளிகளின் பாதி தொல்லை தீரும். வாடைக்கு பயந்து சேப்டி ஷூவை கழற்றிவிட்டு செருப்போடு வேலை பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. வாடை கழுவினால் போகும், நசுங்கிய விரல் திரும்பி வராது.

நம்ம மாவட்டத்துக்காரர் தொடங்கிய பல்கலைக்கழகம்

ஷூ நாற்றம் 2025-ல் உலக செய்தி ஆனது. டெல்லி அருகே உள்ள சிவ் நாடார் பல்கலைக்கழகத்தின் உதவி பேராசிரியர் விகாஷ் குமாரும், அவரிடம் படித்த சார்த்தக் மிட்டலும் இதே ஷூ வாடை ஆராய்ச்சிக்காக 2025-ம் ஆண்டு 'இக் நோபல்' பரிசு வாங்கினார்கள். இந்த பல்கலைக்கழகத்தை தொடங்கிய தொழில் அதிபர் சிவ் நாடார், திருச்செந்தூர் பக்கம் உள்ள மூலைப்பொழியில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஹாஸ்டல் அறை வாசல்களில் ஷூக்கள் வெளியே கிடப்பதை பார்த்துதான் இவர்களுக்கு யோசனை வந்தது. உள்ளே இடம் இல்லாததால் அல்ல, நாற்றம் தாங்காமல்தான் வெளியே வைக்கிறார்கள் என்று தெரிந்தது. 149 மாணவ-மாணவிகளிடம் விசாரித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஷூ வாடையால் சங்கடப்பட்டதாக சொன்னார்கள்.

'கைட்டோகாக்கஸ் செடன்டேரியஸ்' என்ற பாக்டீரியாவை குறி வைத்து, புற ஊதா கதிர் விளக்கு பொருத்திய ஷூ ஸ்டாண்டை அவர்கள் வடிவமைத்தனர். 2 முதல் 3 நிமிடம் அந்த வெளிச்சம் பட்டாலே வாடை போனது. அதிக நேரம் வைத்தால் ஷூ சூடேறி கருகல் வாடை வந்துவிட்டது! இந்த வகை விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தானது. வீட்டில் யாரும் இதை செய்து பார்க்கக்கூடாது.

நமக்கு அந்த விளக்கு தேவையும் இல்லை. கரிசல்காட்டு வெயில் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது.

வெறுங்காலும் தப்பாது

மழைக்காலத்தில் கதை மாறும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண் நனைந்தால் செருப்பில் அப்பு அப்பாக ஒட்டும். செருப்பை கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பவர்களை பார்க்கலாம். அப்படி நாள் கணக்கில் ஈரத்தில் நின்றால் பாதத்தில் ஊசியால் குத்திய மாதிரி சின்னச்சின்ன குழிகள் விழுந்து, கடும் நாற்றம் வரும். இந்த நோயை 1910-ல் முதன்முதலில் எழுதி வைத்தவர் இலங்கையில் பணியாற்றிய இத்தாலி நாட்டு டாக்டர் காஸ்டெல்லானி. மழைக்காலத்தில் வெறுங்காலில் நடந்தவர்களிடம்தான் அவர் இதை கண்டார். பிற்காலத்தில் வியட்நாம் போரில் நாள் முழுக்க நனைந்த பூட்ஸ் போட்டிருந்த ராணுவ வீரர்களுக்கும் இது வந்தது.

ஆக, பூட்ஸ் ஆனாலும் சரி, வெறுங்கால் ஆனாலும் சரி, எதிரி ஈரம்தான்.

செலவில்லாமல் செய்ய வேண்டியது

* வேலை முடிந்ததும் காலை சோப்பு போட்டு, விரல் இடுக்கு உள்பட தேய்த்து கழுவ வேண்டும். கழுவுவதை விட துடைப்பது முக்கியம். விரல் இடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது.

* ஷூவின் நாடாவை முழுக்க தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து விட்டு, உள் அட்டையை உருவி தனியாக காய வைக்க வேண்டும்.

* படித்து முடித்த பழைய பேப்பரை கசக்கி ஷூவுக்குள் திணித்து வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஈரத்தை இழுத்துக் கொள்ளும். காலையில் எடுத்து போட்டுவிடலாம்.

* துணி ஷூவை நல்ல வெயிலில் காய வைக்கலாம். தோல் ஷூவை உச்சி வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நிழலில் காற்றாட வைக்க வேண்டும்.

* பவுடர் போடுபவர்கள் நன்றாக காய்ந்த காலில் போட வேண்டும். ஈரக்காலில் போட்டால் சகதி மாதிரி ஆகிவிடும். ஷூவுக்குள் சென்ட் அடிப்பது வாடையை மறைக்குமே தவிர போக்காது.

* சாக்சை தினமும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி துவைக்க வேண்டும். அழுக்கும் செத்த தோலும் ஒட்டியிருப்பது உள்பக்கம்தான்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இவ்வளவும் 2, 3 வாரம் செய்தும் வாடை போகவில்லை என்றாலோ, பாதத்தில் குழி குழியாக தெரிந்தாலோ, விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி அரிப்பு எடுத்தாலோ அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். தடவும் மருந்திலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போது கூட சொட்ட சொட்ட வேர்க்கிறவர்களுக்கும் மருந்து உண்டு.

மிக கவனமாக இருக்க வேண்டியவர்கள் சர்க்கரை நோயாளிகள். நாள்பட்ட சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். செருப்பு கடித்து புண் ஆனாலும், முள் குத்தி சீழ் வைத்தாலும் வலி தெரியாது. சில நேரம் முதலில் தெரிவது வாடை மட்டும்தான். அதையும் வீட்டில் உள்ளவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். "வேர்வை நாத்தம்தான், கழுவுனா போயிரும்" என்று விட்டுவிட்டால் விரலையோ காலையோ எடுக்கும் அளவுக்கு போய்விடும். சர்க்கரை உள்ளவர் காலில் புதிதாக வாடை வந்தால் அன்றைக்கே டார்ச் அடித்து பாதம் முழுக்க பார்க்க வேண்டும். சின்ன புண் தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு கூட்டிச்செல்ல வேண்டும். வெறுங்காலில் நடப்பதையும் இவர்கள் தவிர்க்க வேண்டும். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை டாக்டரின் ஆலோசனைப்படி போட்டுக் கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு செலவே இல்லாத மருந்து ஒன்று உண்டு. இன்று ராத்திரி ஷூவுக்குள் கையை விட்டு பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் நாளைக்கு அதை மாட்டாதீர்கள்.